மாஸ்டா நிறுவனத்தின் வரலாறும் நற்பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டா எங்கே, எப்படித் தொடங்கியது?

ஜப்பானின் ஹிரோஷிமா நகரில், 1920 ஜனவரியில், தொயோ கார்க் கோக்யோ என்ற பெயரில் தொடங்கியது. அப்போது அதற்கும் வாகனங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து தக்கை வருவது தடைப்பட்டதால், உள்நாட்டு மரப்பட்டையிலிருந்து மாற்றுத் தக்கை செய்வதற்காக எழுந்த நிறுவனம் அது. போர் முடிந்து உண்மையான தக்கை மீண்டும் வரத் தொடங்கியதும் அந்த வணிகத்தின் எதிர்காலம் கேள்விக்குறியானது. 1921இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜுஜிரோ மத்சுதா, ஓசாகாவில் கொல்லர் பட்டறையில் தொழில் பழகி, பம்பு ஒன்றை வடிவமைத்துப் பெயர் பெற்றவர். 1925இல் தொழிற்சாலை தீக்கிரையான பிறகு, தக்கையை விட்டு இயந்திரக் கருவிகள் பக்கம் நிறுவனத்தைத் திருப்பினார். 1927இல் பெயரிலிருந்து தக்கையும் நீங்கி, அது தொயோ கோக்யோ ஆயிற்று.

1931இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை, 482 சிசி எஞ்சின் உட்படத் தன் கூடத்திலேயே செய்து, மாஸ்டா-கோ என்ற பெயரில் வெளியிட்டது. முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி சரக்குப் பெட்டி என்ற அமைப்புடைய இந்த வண்டிதான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நிறுவனத்துக்குச் சோறு போட்டது. மாஸ்டாவின் வரலாற்றைப் பேசுவோர் பந்தயக் கார்களிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்தச் சரக்கு வண்டியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

பெயர் எதைக் குறிக்கிறது?

பண்டைய பாரசீகச் சமயத்தின் ஞானக் கடவுளான அகுர மஸ்தாவின் பெயரும், ஜுஜிரோவின் குடும்பப் பெயரான மத்சுதாவும் ஒலியில் நெருங்கியிருந்ததால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது நிறுவனம் தரும் விளக்கம். வண்டிகள் 1931 முதலே இப்பெயரில் விற்பனையானாலும், நிறுவனம் சட்டப்படி மாஸ்டா என்று மாறியது 1984இல்தான்.

அணுகுண்டு வீசப்பட்ட நகரில் இருந்த தொழிற்சாலை எப்படித் தப்பியது?

தொழிற்சாலை நகரின் மையத்தில் இல்லை. குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் ஃபுச்சு என்ற ஊரில் இருந்தது. இடையில் ஹிஜியாமா என்ற குன்றும் நின்றது. அந்தக் குன்று வெடிப்பலையின் வேகத்தை ஓரளவு தடுத்ததால், கூரைகளும் சன்னல்களும் சிதைந்தாலும் கட்டடங்களும் இயந்திரங்களும் பெரும்பாலும் நிலைத்தன. 1945 ஆகஸ்ட் 6 ஜுஜிரோ மத்சுதாவின் எழுபதாவது பிறந்தநாள் என்பதும், அன்று விடியற்காலையிலேயே நகருக்குள் முடிதிருத்தகத்துக்குச் சென்று குண்டு விழுவதற்குச் சற்று முன்பாக அங்கிருந்து கிளம்பியதால் உயிர் பிழைத்தார் என்பதும் நிறுவனத்தின் வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். நகரில் வேறு வேலையாக இருந்த ஊழியர்கள் பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

குண்டுவீச்சுக்குப் பிறகு, நகரில் உருப்படியாக நின்ற பெரிய கட்டடங்கள் மிகச் சிலவே என்பதால், ஹிரோஷிமா மாகாண அரசின் அலுவலகங்கள் 1946ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இத்தொழிற்சாலை வளாகத்திலேயே இயங்கின. 1945 டிசம்பரில், அதாவது நான்கே மாதங்களில், மூன்று சக்கர வண்டிகளின் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இடிபாடுகளை அகற்றவும் மரமும் அரிசியும் ஏற்றவும் மலிவான வண்டிக்குத் தேவை இருந்த காலம் அது. இதை வெறும் மன உறுதியின் கதையாகச் சொல்வது பாதி உண்மைதான். போர்க்காலத்தில் இதே தொழிற்சாலை இராணுவத்துக்குத் துப்பாக்கிகள் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நகரத்துக்கும் நிறுவனத்துக்குமான உறவு இன்றும் நெருக்கமானது. நகரின் பேஸ்பால் அணியின் பெயர் ஹிரோஷிமா தொயோ கார்ப். அதில் உள்ள ‘தொயோ’ இந்நிறுவனத்தின் பழைய பெயரிலிருந்து வந்தது.

முதல் பயணியர் கார் எது?

1960இல் வந்த ஆர்360 கூப்பே. 356 சிசி எஞ்சின், முன்னால் இருவர் வசதியாகவும் பின்னால் சிறுவர்கள் சிரமத்துடனும் அமரக்கூடிய உடல், விலை 3 இலட்சம் யென். அதைத் தொடர்ந்து 1962இல் கரோலும் 1963இல் ஃபமிலியாவும் வந்தன.

இவ்வளவு சிறிய நிறுவனம் ரோட்டரி எஞ்சினை ஏன் கையிலெடுத்தது?

இதற்குத் தொழில்நுட்ப ஆர்வத்தைவிட அரசியல் காரணமே பெரிது. 1960களின் தொடக்கத்தில், வெளிநாட்டுக் கார்களுக்குச் சந்தையைத் திறந்துவிடும் காலம் நெருங்குவதை உணர்ந்த ஜப்பானின் வணிக, தொழில் அமைச்சகம், உள்நாட்டுக் கார் நிறுவனங்களைச் சில பெரிய குழுக்களாக இணைத்துவிடத் திட்டமிட்டது. தோக்கியோவிலிருந்து வெகு தொலைவில், மூன்று சக்கர வண்டி செய்து வந்த ஹிரோஷிமா நிறுவனம் அந்தக் கணக்கில் தனி நிறுவனமாக நீடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜுஜிரோவின் மகனும் அப்போதைய தலைவருமான த்சுனேஜி மத்சுதா, பிறரிடம் இல்லாத ஒன்று தங்கள் கையில் இருந்தால் மட்டுமே யாரும் தங்களை விழுங்க முடியாது என்று முடிவு செய்தார்.

ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில், ஃபெலிக்ஸ் வான்கெலின் கருத்தின் அடிப்படையில் 1957இல் சுழலும் எஞ்சின் ஒன்று இயங்கிக் காட்டப்பட்டிருந்தது. த்சுனேஜி நேரில் சென்று உரிமம் பேசினார். 1961இல் ஜப்பானிய அரசின் ஒப்புதலும் கிடைத்தது. உலகின் பெரிய கார் நிறுவனங்கள் பலவும் அதே உரிமத்தை வாங்கின என்பதை மறக்கக் கூடாது. வாங்கியவர்களில் நெடுங்காலம் விற்பனைக்குக் கார் செய்தது மாஸ்டா மட்டுமே. ஏனெனில் பிறருக்கு அது ஓர் ஆய்வு, இவர்களுக்கு அது பிழைப்பு.

ரோட்டரி எஞ்சின் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடி, அந்த ஓட்டம் கிராங்க் தண்டின் வழியாகச் சுழற்சியாக மாறுகிறது. ரோட்டரியில் பிஸ்டனே கிடையாது. நடுவில் சற்று இடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணம் போன்ற சுழலி ஒன்று சுற்றுகிறது. சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் உட்சுவரைத் தொட்டபடியே நகர்வதால், சுவருக்கும் சுழலிக்கும் இடையில் மூன்று அறைகள் உருவாகி, ஒவ்வொன்றும் சுற்றும்போதே விரிந்தும் சுருங்கியும் உறிஞ்சல், அமுக்கம், எரிப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கு வேலைகளையும் முடிக்கிறது. சுழலி ஒரு முறை சுற்றினால் தண்டு மூன்று முறை சுற்றும். வால்வுகள் இல்லை, அசையும் பாகங்கள் சிலவே, எனவே எஞ்சின் சிறியது, எடை குறைந்தது, அதிர்வின்றி உயர்ந்த வேகத்துக்குச் செல்லக்கூடியது.

குறைகளும் அந்த வடிவத்திலிருந்தே பிறக்கின்றன. எரியறை நீண்டு தட்டையாக இருப்பதால் வெப்பம் சுவர்கள் வழியாக வீணாகிறது. பெட்ரோலின் ஒரு பகுதி முழுதாக எரியாமலேயே வெளியேறுகிறது. முனைகளில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்களுக்கு எண்ணெய் தேவைப்படுவதால், எஞ்சின் ஆயிலில் சிறிதளவை எரியறைக்குள் செலுத்தி எரிப்பது வடிவமைப்பிலேயே உள்ள ஏற்பாடு. அது கோளாறு அன்று. ஆனால் ஆயில் அளவைப் பார்க்கும் பழக்கமே இல்லாத ஓட்டுநரின் கையில் ரோட்டரி எஞ்சின் நெடுநாள் வாழாது.

‘சாத்தானின் நகக்கீறல்’ என்று சொல்லப்படுவது எது?

1963இல் கெனிச்சி யமமோத்தோ தலைமையில் 47 பொறியாளர்கள் கொண்ட ரோட்டரி ஆய்வுத் துறை அமைக்கப்பட்டது. தலைவனை இழந்த 47 சாமுராய்கள் பழிதீர்த்த கதை ஜப்பானியருக்கு நன்கு தெரிந்தது என்பதால், அந்த எண்ணிக்கையே அவர்களுக்கு ஒரு பட்டப்பெயராகிவிட்டது. அவர்கள் சோதித்த எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தபோது, கூட்டின் உட்சுவரில் அலையலையாகக் கீறல்கள் விழுந்திருந்தன. முனைச் சீல்கள் சுவரில் வழுக்கிச் செல்லாமல், தங்கள் இயல்பதிர்வில் துடித்துத் துடித்துக் குதித்ததன் விளைவு அது. அந்தக் கீறல்களுக்குத்தான் பொறியாளர்கள் அப்பெயரை இட்டார்கள். சீலின் உட்பகுதியில் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதன் அதிர்வு எண்ணை மாற்றியதில் முதலில் வழி பிறந்தது. பிறகு, விற்பனைக்கான எஞ்சினுக்கு, கரியும் அலுமினியமும் கலந்த பொருளில் சீல் செய்தபோது ஆயுளும் கிட்டியது.

1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது: இரட்டைச் சுழலி, மொத்தம் 982 சிசி, 110 குதிரைத்திறன். உற்பத்தியான வண்டிகள் ஆயிரத்து இருநூறுக்கும் குறைவு. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த 84 மணி நேரப் போட்டியில் இரண்டு காஸ்மோக்கள் ஓடின. ஒன்று கடைசி நேரத்தில் நின்றது, மற்றொன்று நான்காம் இடம் பிடித்தது. உரிமம் கொடுத்த என்எஸ்யு நிறுவனமும் அதே 1967இல் ஆர்ஓ80 என்ற அழகிய ரோட்டரி காரை வெளியிட்டது. சீல்கள் விரைவில் தேய்ந்து, உத்தரவாதத்தின் கீழ் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே தளர்ந்து, 1969இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் அடங்கிப்போனது. அங்கே முடியாதது இங்கே முடிந்ததற்கு மேதைமையைவிடப் பொறுமையே காரணம் என்று தோன்றுகிறது.

1973 எண்ணெய் நெருக்கடியில் மாஸ்டா திவாலாகியிருக்குமா?

வெளியிலிருந்து கை நீளாமல் இருந்திருந்தால், ஆகியிருக்கும். 1970இல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்த மாஸ்டா, அங்கே ரோட்டரி கார்களையே முன்னிறுத்தியது. அந்நாட்டின் கடுமையான புகை விதிகளுக்கு ரோட்டரி எளிதில் பொருந்தியது முதலில் பெரும் வாய்ப்பாகத் தெரிந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய் விலை எகிறியதும் அமெரிக்க அரசு வெளியிட்ட மைலேஜ் அளவீடுகளில் ரோட்டரி கார்கள் மிக மோசமாகத் தோன்றின. கார்கள் விற்காமல் தேங்கின.

அப்போது நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது சுமிதோமோ வங்கி. கடன் கொடுத்ததோடு நிற்காமல், தன் ஆட்களையும் நிர்வாகத்துக்குள் அனுப்பியது. தொழிற்சாலை ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் நாடெங்குமுள்ள விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, வீடு வீடாகச் சென்று கார் விற்றார்கள். ஹிரோஷிமாவின் உள்ளூர் நிறுவனங்கள் மாஸ்டாவையே வாங்குவோம் என்று ஓர் இயக்கமாகத் திரண்டன. ஜுஜிரோவின் பேரனான கோஹெய் மத்சுதா 1977இல் தலைவர் பதவியிலிருந்து விலக, குடும்ப ஆட்சி முடிவுக்கு வந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அப்போதும் ரோட்டரியை அவர்கள் கைவிடவில்லை. எரிபொருள் செலவை 40 சதவீதம் குறைப்பது என்று இலக்கு வைத்து உழைத்து, குடும்பக் கார்களிலிருந்து அதை விலக்கி, 1978இல் ஆர்எக்ஸ்-7 என்ற விளையாட்டுக் காருக்குள் வைத்தார்கள். பெட்ரோல் செலவைப் பற்றி அதிகம் கவலைப்படாத வாடிக்கையாளரிடம் அந்த எஞ்சினைக் கொண்டுசேர்த்த முடிவு அது. 2002 வரை மூன்று தலைமுறைகளில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்எக்ஸ்-7 கார்கள் உருவாயின. நிறுவனத்தின் கல்லாவை நிரப்பியதோ, முன்சக்கர இயக்கத்துடன் 1980இல் வந்த புதிய ஃபமிலியா. ஜப்பானின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருதை முதன்முதலில் பெற்ற அந்தக் கார், இரண்டேகால் ஆண்டுகளில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது.

மாஸ்டாவை ஃபோர்டு வாங்கிவிட்டதா?

முழுதாக ஒருபோதும் வாங்கவில்லை. ஆனால் நிர்வாகம் ஃபோர்டின் கைக்குச் சென்ற காலம் உண்டு. 1979இல் ஃபோர்டு ஏறத்தாழ 25 சதவீதப் பங்கை எடுத்தது. அதன் பிறகு இரு நிறுவனங்களின் வண்டிகளும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்தன: ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடிய ஃபோர்டு லேசர் உண்மையில் ஃபமிலியாதான்.

பங்கு 1996இல் 33.4 சதவீதமாக உயர்ந்ததற்கு மாஸ்டாவின் பேராசையே காரணம். 1980களின் இறுதியில் ஜப்பானில் பணம் பெருக்கெடுத்தபோது, தொயோட்டாவையும் நிசானையும்போல வளர நினைத்து, உள்நாட்டில் மாஸ்டா, யூனோஸ், அன்ஃபினி, ஆட்டோசாம், ஆட்டோராமா என ஐந்து விற்பனைக் கிளைகளை விரித்தது. ஒரே காரைச் சிறுசிறு மாற்றங்களுடன் வெவ்வேறு பெயர்களில் விற்றதால், வாங்குவோருக்குக் குழப்பமும் நிறுவனத்துக்குச் செலவும் பெருகின. அமெரிக்காவுக்கென அமாட்டி என்ற ஆடம்பர முத்திரையை அறிவித்து, ஒரு காரும் விற்காமலேயே 1992இல் கைவிட்டது. பொருளாதாரக் குமிழி உடைந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. ஃபோர்டு அனுப்பிய ஹென்றி வாலஸ் 1996இல் தலைவரானபோது, ஜப்பானின் பெரிய கார் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைமையேற்றது அதுவே முதல்முறை. நிசானுக்கு கார்லோஸ் கோஸ்ன் வந்ததெல்லாம் அதன் பிறகுதான்.

ஃபோர்டின் கணக்கு வழக்கு ஒழுங்கு மாஸ்டாவைக் காப்பாற்றியது என்பதை மாஸ்டா அபிமானிகள் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் அது உண்மை. மறுபுறம், ஃபோர்டும் அப்போது அதன் கையில் இருந்த வோல்வோவும் மாஸ்டாவின் பொறியாளர்களிடமிருந்து பெற்றது குறைவன்று. 2008 நிதி நெருக்கடியில் ஃபோர்டுக்கே பணம் தேவைப்பட்டதால் பங்குகளை விற்கத் தொடங்கி, 2015க்குள் முழுதும் வெளியேறியது.

1991 லெ மான் வெற்றிக்குப் பிறகு ரோட்டரி எஞ்சின் தடை செய்யப்பட்டது உண்மையா?

இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. சொல்லப்படும் விதத்தில் அது சரியன்று. லெ மான் என்ற பிரான்சின் 24 மணி நேரப் பந்தயத்தில் 1991 ஜூனில் வென்ற மாஸ்டா 787பி காரில் நான்கு சுழலிகள் கொண்ட, 700 குதிரைத்திறன் தரும் எஞ்சின் இருந்தது. ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்த்ரான் கஷோ ஆகிய மூவரும் மாறி மாறி ஓட்டி 362 சுற்றுகள் முடித்தார்கள். பெரும்பகுதி நேரம் முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கார் இறுதி மணிகளில் எஞ்சின் சூடேறி நின்றுபோனது. பின்தொடர்ந்த ஜாகுவார் கார்களோ எரிபொருள் அளவுக் கட்டுப்பாட்டால் வேகமெடுக்க முடியவில்லை. கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஹெர்பர்ட் உடல்நீர் வற்றி மயங்கியதால் பரிசு மேடைக்கே வர முடியவில்லை. போட்டியாளர்கள் பலர் 1000 கிலோ எடையைச் சுமக்க வேண்டியிருந்தபோது, மாஸ்டா 830 கிலோவுக்கு அனுமதி பெற்றிருந்தது. பந்தயத்தில் ஓட்டுநரின் திறமை பாதி என்றால், விதிப்புத்தகத்தை நன்றாகப் படித்த மேலாளரின் திறமை மீதிப் பாதி.

தடை விஷயத்துக்கு வருவோம். 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின்களுக்கு மட்டும் இடம் தரும் புதிய விதிமுறை, மாஸ்டா வெல்வதற்கு முன்பே முடிவாகியிருந்தது. எனவே வென்ற கோபத்தில் தடை போட்டார்கள் என்பது கற்பனை. அந்த விதியால் ரோட்டரிக்கு 1992இல் இடமில்லாமல் போனது மட்டும் மெய். ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே மீண்டும் வெல்ல, 2018இல் தொயோட்டா வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எம்எக்ஸ்-5 ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இரண்டு இருக்கைகள், துணிக்கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், குறைந்த எடை என்ற அமைப்பில் பிரிட்டனும் இத்தாலியும் 1960களில் செய்த திறந்த கார்கள், பாதுகாப்பு விதிகளாலும் தரக் குறைவாலும் மறைந்துவிட்டிருந்தன. அதுபோன்ற ஒன்றை நீங்கள் செய்யலாமே என்று 1979இல் யமமோத்தோவிடம் யோசனை சொன்னவர், அப்போது பத்திரிகையாளராக இருந்து பின்னர் மாஸ்டாவில் சேர்ந்த பாப் ஹால் என்ற அமெரிக்கர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5, ரோட்டரி எஞ்சினின்றி, குடும்பக் கார் ஒன்றின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடுதான் வந்தது. பழைய ஐரோப்பியக் கார்களின் சுகத்தைத் தந்தது. மழையில் ஒழுகவில்லை, காலையில் கிளம்ப மறுக்கவில்லை. உலகில் மிக அதிகம் விற்ற இரு இருக்கை விளையாட்டுக் கார் என்ற கின்னஸ் சாதனையை 2000இலேயே பெற்று, 2016இல் பத்து இலட்சத்தைத் தொட்டது.

குதிரையும் அதன்மேல் அமர்ந்தவரும் ஓருடலாக இயங்குவது என்ற பொருளுடைய ‘ஜின்பா இத்தாய்’ என்ற தொடரை மாஸ்டாவின் விளம்பரங்கள் இன்று எல்லா வண்டிகளுக்கும் சூட்டுகின்றன. எம்எக்ஸ்-5இல் அது பொருந்துகிறது. இரண்டு டன் எடையுள்ள எஸ்யுவிகளுக்கு அதையே சொல்லும்போது சற்று மிகையாகப்படுகிறது. வேகத்தைப் பெருக்காமல் எடையைக் குறைப்பது என்ற கொள்கையை நான்கு தலைமுறைகளாக விடாமல் காத்திருப்பதே இக்காரின் மதிப்பு.

ஸ்கைஆக்டிவ் என்பது வெறும் விளம்பரப் பெயரா?

பெயர் விளம்பரம்தான், உள்ளே இருப்பது விளம்பரமன்று. ஃபோர்டு விலகிக்கொண்டிருந்த காலத்தில், 2012 மார்ச் வரை தொடர்ந்து நான்கு நிதியாண்டுகள் நஷ்டத்தில் இருந்த நிறுவனத்துக்கு, ஹைபிரிட்டிலும் மின்கார்களிலும் பணம் கொட்ட வழியில்லை. எனவே, எஞ்சின் நிபுணரான மித்சுவோ ஹிதோமியும் அவருடைய குழுவினரும், இருக்கும் பெட்ரோல், டீசல் எஞ்சின்களையே அடிப்படையிலிருந்து திருத்துவது என்று இறங்கினார்கள். அதன் விளைவுக்கு இட்ட பெயர்தான் ஸ்கைஆக்டிவ்.

பெட்ரோல் எஞ்சினின் அமுக்க விகிதத்தை உயர்த்தினால் எரிபொருள் மிச்சமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். உயர்த்தினால் பெட்ரோல் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டும் என்பதும் தெரியும். வெளியேற்றக் குழாய்களை நான்கிலிருந்து இரண்டாகவும், இரண்டிலிருந்து ஒன்றாகவும் நீளமாக இணைத்து, எரிந்த சூடான வாயு சிலிண்டருக்குள் திரும்பாதபடி செய்து, பிஸ்டனின் தலையில் குழியும் வைத்து, 14:1 என்ற விகிதத்தைச் சாதாரணக் காரில் கொண்டுவந்தார்கள். டீசலில் இதற்கு நேர்மாறாக, அமுக்கத்தை அதே 14க்குக் குறைத்தார்கள். அமுக்கம் குறைந்தால் டீசல் பற்றுவதற்கு முன் காற்றோடு நன்றாகக் கலக்கிறது. புகையும் நைட்ரஜன் ஆக்சைடும் குறைகின்றன. அதனால் புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் தொட்டி இல்லாமலேயே அக்கால விதிகளை நிறைவேற்ற முடிந்தது. 2012இல் வந்த சிஎக்ஸ்-5 இந்த எல்லாத் தொழில்நுட்பங்களையும் ஒருங்கே பெற்ற முதல் வண்டி. மாஸ்டாவை மீண்டும் இலாபத்துக்குக் கொண்டுவந்ததில் அதற்கே முதன்மைப் பங்கு உண்டு. முதல் ஆர்எக்ஸ்-7இன் வடிவமைப்பாளர் மத்தசாபுரோ மயேதாவின் மகன் இக்குவோ மயேதா, வடிவமைப்புத் தலைவராக இதே காலத்தில் வண்டிகளுக்குக் கொடுத்த தோற்றமும் அதற்குத் துணை நின்றது.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. தீப்பொறியும் அமுக்கமும் சேர்ந்து பற்றவைக்கும் ஸ்கைஆக்டிவ்-எக்ஸ் எஞ்சின் 2019இல் பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. விலையும் சிக்கலும் கூடியதற்கு ஈடான பயன் சாலையில் தெரியவில்லை.

தொயோட்டா அளவுக்கு மாஸ்டாவை நம்பலாமா?

எந்தக் காலத்து மாஸ்டா என்பதைப் பொறுத்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா3, மாஸ்டா6 கார்கள், குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில், சக்கர வளைவுகளில் விரைவாகத் துருப்பிடித்தன. அந்தக் கெட்ட பெயர் கார்கள் மாறிய பிறகும் நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2003 முதல் 2012 வரை விற்ற ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8, அதன் எஞ்சினுக்கு 2003இல் சர்வதேச விருது பெற்றாலும், வாங்கிய பலருக்குத் தலைவலியானது: குறுகிய தூரப் பயணங்களில் பெட்ரோலால் பிளக்குகள் நனைந்து கிளம்பாமை, சீல் தேய்வு, எஞ்சின் மாற்றம் என்று செலவு நீண்டது. டீசல் எஞ்சின்களில் கரி படிவது குறித்து ஜப்பானிலேயே வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் கொண்ட அண்மைக் கால வண்டிகளின் கதை வேறு. அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்சூமர் ரிப்போர்ட்ஸ், வாசகர்களின் அனுபவத்தைத் திரட்டி 2020இல் வெளியிட்ட நம்பகத்தன்மைப் பட்டியலில் மாஸ்டா முதலிடம் பெற்றது. பிறர் சிறிய டர்போ எஞ்சினுக்கும் படிகளற்ற சிவிடி கியருக்கும் மாறிக்கொண்டிருந்தபோது, டர்போ இல்லாத எஞ்சினையும் வழக்கமான ஆட்டோமேட்டிக் கியரையும் மாஸ்டா விடாமல் வைத்திருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

பழைய ரோட்டரி கார் வாங்க நினைப்பவருக்கு ஒரே ஆலோசனை: சுழலி எஞ்சினுக்கென உள்ள கருவியால் அமுக்கச் சோதனை செய்து, மூன்று அறைகளின் அளவையும் தனித்தனியே பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

2024இல் எழுந்த சான்றிதழ் முறைகேடு என்ன?

அந்த ஆண்டு ஜூனில், ஜப்பானிய அரசின் உத்தரவுப்படி நடந்த உள்விசாரணைகளில், தொயோட்டா, ஹோண்டா, சுசுகி, யமஹா ஆகியவற்றுடன் மாஸ்டாவும் சான்றிதழ் சோதனைகளில் விதிமீறல் இருந்ததை ஒப்புக்கொண்டது. எஞ்சின் திறன் சோதனையில் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியது, மோதல் சோதனையில் காற்றுப்பையை வண்டியின் உணரிக்குப் பதிலாக நேரம் குறித்து விரியச் செய்தது ஆகியவை மாஸ்டாவின் தவறுகள். அப்போது உற்பத்தியில் இருந்த ரோட்ஸ்டர் ஆர்எஃப் (எம்எக்ஸ்-5இன் ஒரு வகை), மாஸ்டா2 ஆகியவற்றின் விநியோகம் நிறுத்தப்பட்டது. பொறியாளர்களின் நேர்மையையே விற்பனைப் பொருளாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது சிறிய கறை அன்று.

இன்று மாஸ்டா தனித்து நிற்கிறதா? ரோட்டரி எஞ்சின் என்னவாயிற்று?

சட்டப்படி தனி நிறுவனம்தான். ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று இலட்சம் வண்டிகள் விற்கும் நிறுவனம் எல்லாவற்றையும் தானே செய்ய முடியாது என்பதால், 2017இல் தொயோட்டாவுடன் பங்குப் பரிமாற்றம் செய்துகொண்டது. தொயோட்டாவிடம் ஏறத்தாழ 5 சதவீதம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தொடங்கிய தொழிற்சாலை 2021 முதல் இயங்குகிறது. ஜப்பானில் மாஸ்டா பெயரில் விற்கும் சிறிய கெய் கார்கள் சுசுகி செய்து கொடுப்பவை.

மின்கார் விஷயத்தில் மாஸ்டா பின்தங்கியே இருக்கிறது. 2020இல் வந்த எம்எக்ஸ்-30, ஒரு முறை மின்னேற்றினால் 200 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதால் எடுபடவில்லை. அதே காரில் 2023இல், சக்கரத்தைச் சுழற்றாமல் பேட்டரிக்கு மின்சாரம் மட்டும் உற்பத்தி செய்யும் 830 சிசி ஒற்றைச் சுழலி எஞ்சினைப் பொருத்தினார்கள். ரோட்டரிக்கு இது பொருத்தமான வேலை: நிலையான வேகத்தில், அதிர்வின்றி, சிறிய இடத்தில். 2024 பிப்ரவரியில் ரோட்டரிக்கெனத் தனி வளர்ச்சிக் குழுவை மீண்டும் அமைத்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மாஸ்டா கார் கிடைக்குமா?

இந்தியாவில் மாஸ்டா தன் பயணியர் கார்களை விற்கவில்லை. 1983இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனத்துடனும் ஜப்பானின் சுமிதோமோவுடனும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஸ்வராஜ் மாஸ்டா, இலகு ரக லாரிகளும் சிற்றுந்துகளும் செய்தது. பள்ளி வேன்களிலும் கம்பெனி வேன்களிலும் தமிழ்நாட்டவர் பார்த்துப் பழகிய மாஸ்டா எழுத்து அதுதான். அந்நிறுவனம் பின்னர் இசுசுவுடன் சேர்ந்து, 2011இல் பெயரையும் மாற்றிக்கொண்டது.

இலங்கையில் நிலைமை வேறு. ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளை இறக்குமதி செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருப்பதால், ஃபமிலியா கார்களும் பொங்கோ வேன்களும் அங்கே பலருக்கும் தெரிந்த வண்டிகள். ரோட்டரி எஞ்சினைப் பார்த்தேயிராத ஓர் ஊரில்கூட ஃபமிலியாவுக்குப் பாகம் தேடித் தரும் மெக்கானிக் ஒருவர் இருப்பார்.